சைவத் தூண்டில்

தில்லைநாயகி பிறந்ததிலிருந்து மீன் தின்றதில்லை. அவர் பிறந்த வீட்டுக்குள் முட்டைகூட ஏறாது. கல்யாணம் முடித்தபிறகு, கணவர் ஞானசுந்தரம் எல்லாம் தின்பவர் என்று தெரியவந்தபோது, அவருக்கென்று ஒரு சட்டியையும் ஓர் அகப்பையையும் தனியாக ஒதுக்கிக் கொடுத்தார். கோண்டாவிலில் தொடங்கிய அந்த ஏற்பாடு பாரிஸில் லா ஷப்பலுக்கு வந்தும் மாறவில்லை. மண்சட்டி மட்டும் அலுமினியச் சட்டி ஆயிற்று.

இப்படிப்பட்டவர் 1988ஆம் ஆண்டு ஜூன் மாதம் பாரிஸின் வடக்குப் புறநகர் ஏரியொன்றில் நடந்த தூண்டில் போட்டியில் முதலாவதாக வந்தார். அது எப்படி நடந்தது என்று சொல்வதானால் அவருடைய கணவரின் வாயிலிருந்து தொடங்க வேண்டும்.

ஞானசுந்தரம் ஒரு பிரெஞ்சு உணவகத்தின் சமையலறையில் கோப்பை கழுவினார். கழுவும்போது பேசுவார். சொந்த ஊர் எது என்று தலைமைச் சமையற்காரர் ஒருநாள் கேட்டதற்கு, யாழ்ப்பாணம் என்றும் அதைச் சுற்றிக் கடல் என்றும் சொன்னார். அது பொய்யில்லை. ஆனால் ஞானசுந்தரத்தின் வீடு கடலிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. தகப்பனார் அரசாங்கக் காணிக் கந்தோரில் கிளாக்கர். கடல் என்பது அவருக்கு பஸ்ஸில் போகும்போது இடப்பக்கத்தில் தெரிகிற ஒன்று. சமையற்காரர் இதையெல்லாம் கேட்கவில்லை. கடல் என்ற சொல்லை வைத்துத் தானாக ஒரு முடிவுக்கு வந்து, அடுத்த வாரம் தன் பழைய தூண்டில் தடியையும், நூல் சுற்றும் உருளையையும், மடிக்கிற முக்காலி ஒன்றையும், பெட்டி நிறையத் தூண்டில் முள்ளையும் கொண்டுவந்து பரிசாகக் கொடுத்தார். முதலாளிக்கு அடுத்த ஆள் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்ல முடியாது.

ஊரில் ஞானசுந்தரம் தூண்டிலோடு ஒழுங்கையால் நடந்திருந்தால், முடக்குத் திரும்புவதற்குள் தகப்பனாரின் காதுக்குச் செய்தி போயிருக்கும். அது அவர்களுடைய ஆட்கள் செய்கிற தொழிலில்லை. பாரிஸில் அதைத் தலைமைச் சமையற்காரர் செய்தபடியால் அதற்குப் பொழுதுபோக்கு என்று பெயர். ஆகவே 1986ஆம் ஆண்டு சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஞானசுந்தரம் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு கார் து நோர் நிலையத்தில் ரயில் ஏறினார். சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு தில்லைநாயகியும் ஏறினார்.

அந்த ஏரி கார்ஜ் என்ற புறநகர்ப் பக்கம் இருக்கிற ஒரு பூங்காவுக்குள் இருந்தது. சரளைக்கல் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் விட்டு, கரையைச் சுற்றி வில்லோ, பொப்ளார் மரங்களை நட்டு உண்டாக்கிய ஏரி. மீனும் அப்படித்தான். பண்ணையில் வளர்ந்த கெண்டையையும் வேறு சில மீன்களையும் லொறியில் கொண்டுவந்து ஊற்றுவார்கள். ஊற்றியதைப் பிடிப்பதற்கு ஒரு சங்கம் இருந்தது. அதில் சேர்ந்து அட்டை எடுத்தால் கரையில் உட்காரலாம்.

“ஒரு பக்கத்தாலை ஊத்தி மற்றப் பக்கத்தாலை பிடிக்கிறதிலை என்ன இருக்கு?” என்று ஞானசுந்தரம் முக்காலியை விரித்துக்கொண்டே கேட்டார். பிறகு சமையற்காரரைப் பற்றிச் சொன்னார். பிறகு ரயிலில் கண்ட ஓர் ஆளைப் பற்றி. பக்கத்திலிருந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர் விரலை உதட்டில் வைத்து ‘ஷ்’ என்றார். கொஞ்சம் தள்ளி இருந்த இன்னொருவரும் ‘ஷ்’ என்றார். ஞானசுந்தரத்துக்கு மனம் நொந்துபோயிற்று. தடியை மனைவியின் கையில் கொடுத்துவிட்டு, பூங்கா வாசலில் இருந்த கடையில் கோப்பி குடிக்கப் போனார். அந்தக் கடையில் யாரும் ‘ஷ்’ சொல்லவில்லை என்பதால் வரத் தாமதமாயிற்று.

தில்லைநாயகி தடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தண்ணீரில் சிவப்புத் தக்கை ஒன்று மிதந்தது. அது கொஞ்ச நேரத்தில் காணாமற்போனது. என்ன செய்வதென்று தெரியாமல் அவர் தடியை மேலே தூக்கினார். தடி வளைந்தது. ‘ஷ்’ சொன்னவர்கள் இருவரும் கைவலையோடு ஓடிவந்தார்கள். அரைக் கை நீளத்தில் மஞ்சள் வயிறு வைத்த ஒரு கெண்டையைப் புல்லில் கிடத்தி, முள்ளைக் கழற்றி, அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கி, “பிராவோ, மதாம்” என்றார்கள். பிறகு தங்கள் முக்காலிகளுக்குத் திரும்பிப்போய்ப் பேசாமல் இருந்தார்கள்.

ஞானசுந்தரம் வந்தபோது மனைவி கையைத் தண்ணீரில் அலம்பிக்கொண்டிருந்தார். பக்கத்து ஆள் பெருவிரலை உயர்த்திக் காட்டினார்.

“எங்கை மீன்?”

“தண்ணிக்குள்ளை.”

“நீர் பிடிச்சனீர் எண்டெல்லோ அந்த மனிசன் காட்டுறான்?”

“ஓம். பிடிச்சனான்.”

“பிறகு?”

“பிறகு விட்டிட்டன்.”

“ஏன் விட்டனீர்?”

“வேறை என்ன செய்யிறது? நான் தின்னிறேல்லைத்தானே.”

“நான் தின்பன்!”

“நீங்கள் பிடிக்கேல்லையே” என்றார் தில்லைநாயகி.

அடுத்த ஞாயிறு ஞானசுந்தரம் தூண்டிலைத் தொடவில்லை. தலையிடி என்று படுத்திருந்தார். தில்லைநாயகி சமையலறைக்கும் அறைக்கும் இடையில் இரண்டு மூன்று தரம் நடந்தார். பிறகு சப்பாத்தைக் காலில் போட்டார்.

அவர்கள் இருந்தது ஃபொபூர் சேன்-தெனி தெருவின் மேல்முனையில், நாலாம் மாடியில் இரண்டறை வீடு. புருஷன் பெண்சாதியைத் தவிர ஊர்ப் பொடியன்கள் நாலுபேர் அங்கே தங்கியிருந்தார்கள். எல்லாரும் உணவகங்களில் வெவ்வேறு நேரத்தில் வேலை செய்தார்கள். அதனால் அந்த வீட்டில் எந்த நேரமும் யாராவது ஒருவர் வேலையால் வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே, “அக்கா, சோறு கிடக்கோ?” என்று கேட்டுக்கொண்டிருப்பார். உணவகத்தில் நாள் முழுக்கச் சாப்பாட்டுக்கு நடுவில் நின்றவர்கள் அப்படிக் கேட்பதில் தில்லைநாயகிக்கு ஆச்சரியம் ஒன்றும் இருக்கவில்லை. போட்டுக் கொடுத்தார்.

“அரிசி வாளிக்கை கிடக்கு. பருப்பு போத்தலுக்கை கிடக்கு” என்று அன்றைக்கு அவர் வாசலில் நின்று சொன்னார். அவர் எங்கேயோ போகிறார் என்பது கதவு சாத்திய பிறகுதான் உள்ளே இருந்தவர்களுக்கு விளங்கியது.

அன்று அவர்கள் பின்னேரம்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பேக்கரியில் பாண் வாங்கித் தின்றார்கள். அடுத்த ஞாயிறு சோறு அடிப்பிடித்தது. அதற்கு அடுத்தது குழைந்தது. கோடை முடிவதற்குள் ஒரு பொடியன் வாயில் வைக்கக்கூடிய சொதி வைக்கப் பழகியிருந்தான்.

தில்லைநாயகிக்கு அந்த ஏரியில் என்ன பிடித்தது என்று பலர் பிற்காலத்தில் கேட்டிருக்கிறார்கள். அவர் விளக்கம் சொல்லக்கூடியவர் அல்ல. ஆனால் கண்டவர்களுக்கு ஓரளவு தெரியும். பிரான்ஸுக்கு வந்த நாள்முதல் எங்கே போனாலும் அவரிடம் ஏதாவது ஒரு பதிலை எதிர்பார்த்தார்கள். பேக்கரியில் எதிர்பார்த்தார்கள், டாக்டரின் அறையில் எதிர்பார்த்தார்கள், விசா அட்டைக்காக பிரிஃபெக்தூர் என்ற அரசாங்கக் கந்தோரில் மணிக்கணக்காக வரிசையில் நின்று கண்ணாடிக்கு முன்னால் போனால் அங்கேயும் எதிர்பார்த்தார்கள். அவரிடம் ‘போன்ழூர்’, ‘மெர்சி’ இரண்டும்தான் இருந்தன. ஏரிக்கரையில் அந்த இரண்டும் தாராளம். வரும்போது ஒன்று, போகும்போது மற்றது. நடுவில் வாய் திறக்காமல் இருப்பதுதான் அங்கே மரியாதை. இந்த நாட்டில் முதல்தரமாக, ஒன்றும் பேசாமலிருந்ததற்காக அவரை மதித்தார்கள்.

சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர் முசியே பிலிப், ஓய்வுபெற்ற பஸ் சாரதி. முதல்நாள் ‘ஷ்’ சொன்னதும் அவர்தான். தில்லைநாயகிக்கென்று ஓர் அட்டையை அவரே எழுதிக்கொண்டுவந்து கொடுத்தார். பெயருக்கு ஒதுக்கிய கட்டத்தில் தில்லைநாயகி ஞானசுந்தரம் கொள்ளாமல் கோட்டைத் தாண்டி ஓரத்தால் மேலே ஏறியிருந்தது.

தூண்டிலில் ஒரு சிக்கல் இருந்தது. மற்றவர்கள் முள்ளில் புழு குத்தினார்கள். தில்லைநாயகி புழுவைத் தொடமாட்டார். பிலிப் தன் டப்பாவைத் திறந்து, நெளிகிறதைப் பெருந்தன்மையாக நீட்டியபோது, அவர் சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டார். அடுத்த வாரம் வீட்டிலிருந்து மாப் பிசைந்து கொண்டுவந்தார். கோதுமை மா, கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் உப்பு. பிசைகிற பழக்கத்தில் கை தானாகப் பெருங்காயப் பேணிக்குப் போய்விட்டது. பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது இது வடைக்கு இல்லையென்று. போட்டதை எடுக்க முடியாது.

அந்த ஏரியின் கெண்டைகளுக்கு வாழ்நாளில் முதல்தரமாகப் பெருங்காயம் கிடைத்தது. அவை அதை விரும்பின. தில்லைநாயகி இருந்த இடத்துக்கு இரண்டு பக்கமும் தக்கைகள் அசையாமல் நின்றன. அவருடைய தக்கை மட்டும் போய்ப் போய் வந்தது. அவர் ஒவ்வொரு மீனையும் ஈரக்கையால் பிடித்து, முள்ளைக் கழற்றி, தண்ணீருக்குள் விட்டு, அது போவதைப் பார்த்துவிட்டு, கையை அலம்பினார்.

இதைச் சில வாரங்கள் பார்த்துப் பொறுக்கமுடியாமல் பிலிப் எழுந்து வந்து, மாவோடு அவர் கொண்டுவந்திருந்த பெருங்காயப் பேணியைக் காட்டினார். தில்லைநாயகி மூடியைத் திறந்தார். பிலிப் ஓரடி பின்னால் போனார். பிறகு திரும்பவும் கிட்ட வந்து மணந்து பார்த்தார்.

அன்று மர்கரீத்தும் வந்திருந்தார். மர்கரீத் அதே கட்டிடத்தில் இரண்டாம் மாடியில் இருந்த புதுச்சேரிக்காரி, கத்தோலிக்கர், மருத்துவமனையில் தாதியருக்கு உதவியாக இருந்தவர். கால்வலிக்குக் காற்று நல்லதென்று யாரோ சொன்னதால் தில்லைநாயகியோடு வந்து புல்லில் விரிப்புப் போட்டு உட்கார்ந்து பின்னல் பின்னுவார்.

“இது இன்னா பவுடருன்னு கேக்கறாரும்மா” என்றார் மர்கரீத்.

“பெருங்காயம். வாய்வுக்கு நல்லது எண்டு சொல்லுங்கோ அக்கா.”

மர்கரீத் ஒரு சொல்லும் குறைக்காமல் அப்படியே பிரெஞ்சில் சொன்னார். பிலிப் கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தார்.

“மீனுக்கா வாய்வுன்னு கேக்கறாரு.”

தில்லைநாயகியும் தண்ணீரைப் பார்த்தார். “இருக்கும்” என்றார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, ஃபொபூர் சேன்-தெனியில் மளிகைக்கடை வைத்திருந்த இரத்தினத்தின் கடைக்குள் முழங்கால்வரை றப்பர் சப்பாத்துப் போட்ட மூன்று பிரெஞ்சுக்காரர் வந்தார்கள். இரத்தினம் அவர்களை அரசாங்கத்து ஆட்கள் என்று நினைத்து, தராசைத் துடைத்தார். வந்தவர்களில் ஒருவர் வெறுமையான மஞ்சள் பேணியொன்றை மேசையில் வைத்து, இது வேண்டும் என்றார்.

“சமையலுக்கோ?” என்று இரத்தினம் தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் கேட்டார்.

“இல்லை. கெண்டைக்கு.”

கெண்டை மீன் குழம்பு வைக்கப்போகிறார்கள் என்று இரத்தினம் விளங்கிக்கொண்டார். ஒரு வெள்ளைக்காரர் மீன் குழம்புக்குப் பெருங்காயம் போடுவது பிழையென்று அவருக்குத் தோன்றினாலும், ஆரம்பத்திலேயே மனதை உடைக்கக்கூடாது. பழப்புளியும் வேண்டும் என்று எடுத்துவைத்தார். கறிவேப்பிலையும் வைத்தார். அவர்கள் எல்லாவற்றையும் வாங்கிப்போய் மாவில் பிசைந்து பார்த்தார்கள். பழப்புளிக்கு மீன் வரவில்லை.

கொஞ்ச நாளில் இரத்தினம் பெருங்காயத்தைக் கண்ணாடி ஓரம் அடுக்கினார். ஏன் என்று கேட்ட எல்லாருக்கும் காரணத்தைச் சொன்னார். அப்படித்தான் செய்தி சாரதாதேவிக்குப் போயிற்று.

சாரதாதேவியிடம் வருமுன், கார்த்திகை மாதத்தில் லொறி வந்ததைச் சொல்ல வேண்டும். ஏரிக்கு மீன் ஊற்றுகிற நாளன்று சங்கத்து ஆட்கள் எல்லாரும் கரைக்கு வருவது வழக்கம். தில்லைநாயகியும் மர்கரீத்தும் குளிர்ச்சட்டைக்கு மேல் போர்வையும் போர்த்திக்கொண்டு நின்றார்கள். லொறியிலிருந்த தொட்டியின் கதவைத் திறந்ததும், தகரப் பீலி வழியாக மீன் தண்ணீரோடு சேர்ந்து சத்தமாக ஏரிக்குள் விழுந்தது. விழுந்த மீன் எங்கும் போகவில்லை. கரையோரமாக, ஊற்றிய இடத்திலேயே, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கறுப்பாக நின்றது.

பிலிப் ஏதோ சொன்னார்.

“கொட்டுன எடத்துலயே கொஞ்ச நாளு கூட்டமா நிக்குமாம்” என்றார் மர்கரீத். “பெறகுதான் கொஞ்சம் கொஞ்சமா மத்த பக்கம் போவுமாம்.”

“ஓம். அது தெரியும்” என்றார் தில்லைநாயகி.

சாரதாதேவி வெள்ளிக்கிழமைகளில் பஜனை நடத்துகிறவர். லா ஷப்பலில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் அதில் சரி பிழை சொல்லும் பொறுப்பு தன்னிடம் இருப்பதாக நினைத்தார். மற்றவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். தைப்பொங்கல் கழிந்த கையோடு நாலு மாடி ஏறி வந்தார். மூச்சு வாங்கி முடிந்ததும் கேட்டார்.

“நாயகி, கேள்விப்பட்டது உண்மையோ?”

“எதைக் கேள்விப்பட்டனீங்கள்?”

“நீர் மீன் பிடிக்கிறீராம். எங்கடை ஆக்கள் செய்யிற வேலையோ இது?”

“வேலை எண்டால் சம்பளம் தருவினம். இது வேலையில்லை அக்கா.”

சாரதாதேவி தேத்தண்ணியைக் கையில் எடுத்தார். எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்: “சரி, அதை விடும். பசிக்குப் பிடிச்சுத் தின்னிறவனிலையும் ஒரு நியாயம் இருக்கு. நீர் தின்னிறேல்லை. சும்மா ஒரு உயிரின்ரை வாயிலை முள்ளைக் குத்தி இழுத்து, பாத்திட்டு விடுறீர். அது என்ன சைவம்?”

சாரதாதேவி சொன்னது உண்மை. முள்ளைக் கழற்றும்போது மீனின் உதட்டில் சின்ன இரத்தப் பொட்டு வருவதைத் தில்லைநாயகி கண்டிருக்கிறார். அதைக் காணாததுபோல் இருந்திருக்கிறார். சாரதாதேவி தேத்தண்ணியைக் குடித்து முடித்து, வெற்றிபெற்ற முகத்தைக் காட்டாமல், பக்குவமாகப் படியிறங்கிப் போனார்.

தூண்டில் கட்டிலுக்குக் கீழே போயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் தில்லைநாயகி வீட்டில் இருந்தார். பொடியன்களுக்கு முதல் வாரம் சந்தோஷம். கத்தரிக்காய்ப் பால்கறியும் மோர்மிளகாயும் கிடைத்தன. இரண்டாம் வாரம் அவர் பேசத் தொடங்கினார். யார் குளித்த தண்ணீரைத் துடைக்காமல் வந்தது, யாருடைய காலுறை கதிரையில் கிடந்தது, யார் கல்யாணம் முடிக்கிற வயதிலும் கோப்பையைச் சாப்பிட்ட இடத்தில் வைத்துவிட்டு எழும்புகிறது என்பதெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. இவ்வளவு காலமும் அவர் அதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார் என்பது அவர்களைக் கலக்கிவிட்டது. ஞானசுந்தரத்துக்குக் கிடைத்த பங்கு இதைவிடப் பெரிது. அதில் கோண்டாவிலில் நடந்த விஷயங்களும் இருந்தன.

பொடியன்கள் ஞானசுந்தரத்தைத் தனியாகக் கூப்பிட்டுக் கதைத்தார்கள். அவர் மனைவியிடம் வந்தார்.

“நாளைக்கு நான் கறி வைக்கிறன். நீர் அங்கை போம்.”

“நான் போகேல்லை. பாவம்.”

“ஆர் பாவம்?”

“மீன்.”

“எங்களையும் கொஞ்சம் யோசியும்” என்றார் ஞானசுந்தரம்.

தில்லைநாயகி அன்று முழுவதும் யோசித்தார். மறுநாள் காலை மர்கரீத்தை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார். பிலிப்பிடம் முள்ளை நீட்டி, அதன் நுனிக்குப் பின்னால் மீன் கழன்று போகாதபடி திரும்பி நிற்கிற சின்னக் கொழுக்கியைக் காட்டினார்.

“இதை எடுக்கேலுமோ எண்டு கேளுங்கோ.”

பிலிப் பையிலிருந்து குறட்டை எடுத்து ஒரே அமத்தலில் கொழுக்கியைத் தட்டையாக்கினார். இனிக் காயம் குறைவு, முள் வழுக்கிக்கொண்டு வந்துவிடும் என்றார். பிறகு தலையை ஆட்டினார்.

“ஆனா பாதி மீனு தப்பிச்சிக்கும்ங்கறாரும்மா. நூலு கொஞ்சம் தளந்தா போச்சாம்.”

“போகட்டும். நிக்க விருப்பமில்லாதது போகட்டும்.”

அடுத்த வெள்ளிக்கிழமை பஜனை முடிந்ததும் தில்லைநாயகி இந்தத் திருத்தத்தை சாரதாதேவியிடம் சொன்னார். சாரதாதேவி “எண்டாலும்...” என்று தொடங்கினார். அந்த வசனத்தை அவர் முடிக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து, “அங்கை வாத்து நிக்குதோ? பேரப்பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வரலாமோ?” என்று கேட்டார்.

அந்த ஏரியில் ஒரு பெரிய கெண்டை இருந்தது. முதல்முதல் ஊற்றிய லொறியில் வந்தது என்று சிலர் சொன்னார்கள். முதுகுச் செட்டையில் ஒரு பக்கம் கிழிந்திருக்கும். வெயில் நாட்களில் நடு ஏரியில் மேலே வந்து முதுகைக் காட்டும். கிட்டப் போனால் இறங்கிவிடும். காணலாம், சந்திக்க முடியாது என்பதால் சங்கத்தில் அதற்கு ‘முசியே லெ பிரிஃபே’ என்று பெயர் வைத்திருந்தார்கள். பிரிஃபெக்தூருக்கு மேல் இருக்கிற பெரிய அதிகாரிக்குத்தான் அந்தப் பட்டம்.

1988 ஜூனில் சங்கத்தின் வருஷப் போட்டி வந்தது. பிலிப் தில்லைநாயகியின் பெயரை அவரைக் கேட்காமலே சேர்த்திருந்தார். அரசாங்க ஆட்கள் வருகிற வைபவம் என்று மர்கரீத் சொன்னதால் ஞானசுந்தரம் லீவு எடுத்து, கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்டு வந்தார். தில்லைநாயகி அரக்குச் சேலையும் றப்பர் சப்பாத்தும். சீட்டு எடுத்ததில் அவருக்கு ஏரியின் ஒடுங்கின மூலை விழுந்தது. அங்கே வில்லோக் கிளைகள் தண்ணீருக்குமேல் படிந்து கிடந்தன. நூல் சிக்கும் என்று யாரும் அங்கே உட்காருவதில்லை. மற்றவர்கள் அனுதாபமாகப் பார்த்தார்கள். அவர்களுடைய மாவிலிருந்தும் பெருங்காயம் மணத்தது.

விசில் ஊதினார்கள். மத்தியானம்வரை தில்லைநாயகியின் தூண்டிலில் இரண்டு மீன் அகப்பட்டன. இரண்டும் கரைக்கு வருமுன் கழன்று போயின. அவர் ஒவ்வொரு தரமும் தலையை ஆட்டி விடை கொடுத்தார். ஞானசுந்தரத்துக்குத்தான் பொறுக்கவில்லை. “அந்தக் கொழுக்கியை இண்டைக்கு மட்டும் விட்டிருக்கலாமெல்லோ” என்று முணுமுணுத்தார்.

விசில் திரும்ப ஊதக் கொஞ்ச நேரம் இருக்கையில் தக்கை பக்கவாட்டாக நகர்ந்தது. பிறகு போயிற்று. தடி வளைந்த வளைவைப் பார்த்து ஞானசுந்தரம் கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டு கிட்ட வந்தார். தங்கூசி நூல் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வில்லோக் கிளைகளின் பக்கம் போனது. தில்லைநாயகி ஒரு காலைத் தண்ணீருக்குள் வைத்தார். மற்றக் காலையும் வைத்தார். நூலைத் தளரவிடாமல், இழுத்தால் கொடுத்து, நின்றால் சுற்றி, சேலை முழங்கால்வரை நனைய நின்றார். அவசரம் ஒன்றும் அவரிடம் இருக்கவில்லை. போக விரும்பினால் போகலாம் என்று அந்த மீனுக்கு ஏற்கெனவே அனுமதி கொடுத்திருந்தார். அது போகவில்லை.

பிலிப் கைவலையோடு இறங்கினார். வலை நிறைய வந்ததைக் கண்டதும், இவ்வளவு காலமும் மற்றவர்களை அடக்கிய அவரே வாய்விட்டுக் கத்தினார். “பிரிஃபே! லெ பிரிஃபே!” ஏரியைச் சுற்றி எல்லாரும் தூண்டிலைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். செட்டையில் கிழிசல் சொன்னபடியே இருந்தது. நிறுத்தார்கள். தராசின் ஊசி போன இடத்தைப் பார்த்து ஒருவரும் தர்க்கிக்கவில்லை.

தில்லைநாயகி ஈரக்கையால் அதன் நெற்றியைத் தொட்டார்.

“இவரைச் சந்திக்க ஏலாதெண்டு சொல்லி எத்தினை தரம் என்னை வரிசையிலையிருந்து திருப்பி அனுப்பினவங்கள்” என்றார்.

மர்கரீத் மொழிபெயர்த்தார். எல்லாரும் வயிறு நோகச் சிரித்தார்கள். தில்லைநாயகி சிரிக்கவில்லை. அவர் அதைப் பகிடியாகச் சொல்லவில்லை. இரண்டு கையாலும் பிரிஃபேயைத் தண்ணீருக்குள் இறக்கி, அது மூச்சு எடுக்கும்வரை பிடித்திருந்து, விட்டார்.

முதற்பரிசை நகரசபை உறுப்பினர் ஒருவர் மூவர்ணப் பட்டி குறுக்கே கட்டிக்கொண்டு வந்து கொடுத்தார். வெள்ளைத் துணியில் சுற்றிய நீளமான ஏதோ ஒன்று. பாரமாக இருந்தது. ஒரு நுனியில் எலும்பு தெரிந்தது.

“இது என்ன அக்கா?”

“பன்னித் தொடைம்மா.”

“முழுசாவோ?”

“முழுசா. உப்புல ஊற வெச்சி மாசக்கணக்கா காய வெக்கறது. ரொம்ப உசத்தி. எப்பவுமே மொத பரிசு இதான்.”

“இதை நான் என்ன செய்ய?”

“மொதல்ல வாங்கிக்கோ. சிரி. போட்டோ எடுக்கறாங்க.”

சபையில் தருகிறதை மறுக்கக்கூடாது. தில்லைநாயகி இரண்டு கையாலும் வாங்கினார். அந்தப் படம் சங்கத்தின் கட்டிடத்தில் பல வருஷம் தொங்கியது. அதில் அவர் கையிலிருப்பதை உடம்பிலிருந்து எவ்வளவு தள்ளிப் பிடிக்கலாமோ அவ்வளவு தள்ளிப் பிடித்திருக்கிறார். முகத்தில் சிரிப்பு என்று சொல்லத்தக்கது ஒன்று இருக்கிறது. இரண்டாம் பரிசு கோப்பி போடுகிற மின்சார இயந்திரம். அதை வென்றவர் தன் கையிலிருந்ததையும் தில்லைநாயகியின் கையிலிருந்ததையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். தில்லைநாயகியும் அப்படித்தான் பார்த்தார். கேட்டால் மற்றவர் மனம் புண்படும் என்று இருவருமே கேட்கவில்லை.

திரும்பும் ரயிலில் பன்றித்தொடை ஞானசுந்தரத்தின் மடியில் வந்தது. கோட்டும் கழுத்துப்பட்டியுமாக அவர் அதைக் குழந்தையை வைத்திருப்பதுபோல வைத்திருந்தார். முன்னாலிருந்த கிழவி ஒருத்தி அவரைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தாள்.

“ஒரு துண்டு ருசி பாத்தால் என்ன?” என்று அவர் மெதுவாகக் கேட்டார்.

“பாருங்கோ. ஆனால் எந்தச் சட்டியிலை வைப்பியள்?”

அவருக்கென்று இருந்த சட்டியில் அது அடங்காது. இரண்டாம் மாடியைத் தாண்டி அது மேலே போகவில்லை. மர்கரீத் தன் சமையலறையில் கொக்கி அடித்து அதைத் தொங்கவிட்டு, “மொந்தியே, மொந்தியே” என்று பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிட்டுச் சிலுவை போட்டார். கிறிஸ்மஸ்வரை அந்தப் படிக்கட்டில் ஏறுகிற எல்லாருக்கும் அது மணத்தது. ஞானசுந்தரம் சில நாட்களில் வேலையால் வரும்போது இரண்டாம் மாடியில் கொஞ்சம் தாமதிப்பார். தில்லைநாயகி கேட்கவில்லை.

அடுத்த வருஷம் அவர்களுக்குக் கார்ஜில் நகரசபை வீடு கிடைத்தது. பொடியன்கள் அதற்குள் இருவர் கல்யாணம் முடித்திருந்தார்கள். இருவருடைய மனைவிமாரும், அவர்கள் ஞாயிற்றுக்கிழமை சமைப்பதைப் பெரிய குணமாகச் சொன்னார்கள். ஞானசுந்தரம் புதுவீட்டிலிருந்து வேலைக்குப் போக ரயிலில் இருக்கிற நேரம் கூடியது. ரயிலில் பேசினார்.

அந்தக் கோடையில் சங்கம் பஸ் பிடித்துக் கடலுக்குச் சுற்றுலா போனது. தியெப் துறைமுகம். தில்லைநாயகியையும் கூட்டிப்போனார்கள். எல்லாரும் கற்கரையில் நின்று நீளத் தூண்டில்களை வீசினார்கள். தில்லைநாயகி கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கொண்டுபோன புளிச்சாதத்தைப் பிரித்தார்.

பிலிப் வந்து என்ன ஆயிற்று என்று கேட்டார். மர்கரீத் வரவில்லை; கால்வலி. தில்லைநாயகி தானே சொன்னார், பிரெஞ்சில்: “பெரிசு.” பிறகு இன்னும் ஒரு சொல்லைத் தேடிப் பிடித்தார். “ஆற்றையோ.” வேறு யாருக்கோ சொந்தமானது என்ற அர்த்தத்தில்.

பிலிப்புக்கு அது சரியாக விளங்கியதா என்று தெரியாது. அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். தில்லைநாயகி அவருக்கும் கொஞ்சம் புளிச்சாதம் கொடுத்தார். உறைப்பில் அவருடைய கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. இருவரும் பஸ் நின்ற பக்கத்தைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டு முடித்தார்கள்.

அடுத்த ஞாயிறு மழை. ஏரிக்கு இரண்டொருவர்தான் வந்திருந்தார்கள். தில்லைநாயகி குடையைத் தடிக்குப் பக்கத்தில் குத்தி வைத்துக்கொண்டு பின்னேரம்வரை இருந்தார். தக்கை ஒருதரம் அசைந்தது, பிறகு அசையவில்லை. வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போது, ஞானசுந்தரம் அடுப்பிலிருந்து திரும்பாமலே, எப்படி என்று கேட்டார்.

“ஒண்டும் வரேல்லை” என்றார் தில்லைநாயகி. “நல்லா இருந்தது.”